செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்த படம்

சினிமா பார்க்கப் போனவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதை என் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அப்படிக் கழற்றிவிடச் சொன்னவளே நான்தான்.

நெய்வேலியில் எங்கள் பிளாக்குக்கு அடுத்த ரோட்டில் இருந்த கிளப் ஹால் வாசல் அது. ஆடி வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். காற்றில் உதிர்ந்த வேப்பம்பழம் சிமெண்டுத் தரையெங்கும் நசுங்கிக் கிடந்தது. அந்த வாசத்தோடு தட்டுகளில் இருந்த கற்பூர வாசம். அதற்கும் மேலே, எங்கள் ஊரில் எப்போதும் இருக்கிற கரி வாசம்.

மஞ்சள் சேலை கட்டின பெண்கள் ஹால் கொள்ளாமல் வந்திருந்தார்கள். பாதிப் பேர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் வாயில் வைக்காதவர்கள். உள்ளே திரையில் வரப்போகிறவள் மதுரவேணி. எங்களுக்கு அவள் நடிகை இல்லை. அம்மன்.

“சாமி படத்துக்குச் செருப்போடவா போவாங்க? எல்லாரும் கழட்டுங்க” என்றேன். கோயில் வாசல் மாதிரி செருப்பு குவிந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து அதே குவியலில் என் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றேன். இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வெள்ளிக்கிழமையை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். சமீபத்தில் ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். ‘உங்கள் ஊரில் மதுரவேணி நடித்து ஒரு படம் எடுத்தார்களாமே, அதைப் பற்றி ஏன் எழுதவில்லை?’ என்று. அதற்குப் பிறகு தள்ள முடியவில்லை.

காலண்டரில் இருந்தவள்

நான் எட்டாவதோடு நின்றவள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் கரியை மேலே கொண்டுவரும் பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை. பெர்மனன்ட். கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸ். பின்பக்கம் ஒரு பலாமரம். கொடியில் காலையில் போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் எடுக்கும்போது சாம்பல் பூத்திருக்கும். முதல் வருஷம் அதற்கு அழுதிருக்கிறேன். பிறகு வெள்ளை வேட்டி வாங்குவதையே விட்டுவிட்டோம்.

சுரங்கத்தில் வேலை செய்கிறவரின் மனைவிக்கு ஷிப்டுக்கு ஒரு பயம் உண்டு. சங்கு ஊதினால் கை தானாகத் தாலிக்குப் போகும். அடுத்த வீட்டுப் பொள்ளாச்சி ருக்மணி அக்காவுக்கும் அப்படித்தான். நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே கிடையாது. ஒருத்தி கை போவதை இன்னொருத்தி பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

அந்தப் பயத்துக்கு எங்களுக்கு இருந்த மருந்து அம்மன். அந்த அம்மனுக்கு ஒரு முகம் இருந்தது என்றால் அது மதுரவேணி முகம்.

அவள் பதினாறு வயதில் கதாநாயகனின் தங்கையாக வந்தவள். பத்துப் பன்னிரண்டு வருஷம் காதலி, மனைவி, நாட்டியக்காரி என்று எல்லா வேஷமும் போட்டாள். அப்போது அவளை யாரும் பெரிதாகப் பேசவில்லை. முப்பதை நெருங்கும்போது ஒரு படத்தில் அம்மனாக நடித்தாள். கிரீடம் வைத்து, நாக்கைக் கடித்து, அந்தப் பெரிய கண்ணை விரித்து ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், பண்ருட்டி தியேட்டரில் இரண்டு பெண்களுக்குச் சாமி வந்துவிட்டது. ஒருத்தியை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

அதிலிருந்து வரிசையாக அம்மன் படம். எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான். முதலில் அம்மன் ஏழைப் பெண்ணாக, வேலைக்காரியாக, கூலிக்காரியாக வருவாள். ஜனங்கள் அவளை அடிப்பார்கள், ஏசுவார்கள். கடைசியில் அந்தக் கந்தல் சேலை பட்டாக மாறும், கையில் சூலம் வரும். நாங்கள் எழுந்து நின்று கற்பூரம் காட்டுவோம்.

அந்த வேஷத்தில் அவள் இருக்கிற காலண்டர் ஒன்றை எண்ணெய்க் கடையில் கொடுத்தார்கள். தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் கண்ணாடி போட்டு, பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

குவார்ட்டர்ஸுக்கு வந்தாள்

என் சின்ன மகள் பால்வாடி போய்க்கொண்டிருந்த வருஷம், தை கடைசியோ மாசியோ. தாடி வைத்த நாலைந்து இளைஞர்கள் ஒரு பழைய வேனில் வந்து இறங்கினார்கள். சுரங்கத்துக்கு வெளியே மண் கொட்டி வைத்திருக்கிற மேட்டருகே படம் எடுக்கிறார்கள், மதுரவேணி வந்திருக்கிறாள் என்று ஊரெல்லாம் பேச்சு.

நானும் ருக்மணி அக்காவும் ஓடினோம். தூரத்தில் நிறுத்திவிட்டார்கள். பார்த்தது ஒரே ஒரு காட்சி. மண்மேட்டின் மேல் மதுரவேணி மஞ்சள் சேலையில், இடுப்பில் வேப்பிலை செருகி, இரண்டு கையிலும் தீச்சட்டி ஏந்தி நடந்து வருகிறாள். பின்னால் வெறும் வானம். ருக்மணி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அம்மன் படந்தானுங்க கண்ணு. நம்மூருக்கே வந்துட்டாளே!”

நானும் அப்படித்தான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பது?

இரண்டு நாள் கழித்து மதியம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் மதுரவேணி நிற்கிறாள். கூடவே எங்கள் வீட்டுக்குக் கீரை கொண்டுவருகிற அஞ்சலை.

“அக்கா, இந்தம்மாவுக்கு வெயிலு தாங்கல. செத்த குந்திகினு போவட்டும்” என்றாள் அஞ்சலை, ஏதோ தன் நாத்தனாரை அழைத்துவந்த மாதிரி.

நான் ஓடிப்போய்த் தட்டில் கற்பூரம் ஏற்றி வந்தேன். சுற்றிக் காலில் விழுந்தேன். அவள் இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

“எந்திரிங்கம்மா. தயவுசெஞ்சு எந்திரிங்க. ஒரு சொம்புத் தண்ணி குடுங்க, போதும்.”

தண்ணீர் குடித்தாள். கை முழுக்கச் செம்மண். தலையில் கூடை சுமந்து சுமந்து நெற்றியோரம் தோல் உரிந்திருந்தது. அஞ்சலை அதைப் பார்த்துச் சிரித்தாள்.

“சும்மாடு கட்டவே வரலக்கா இந்தம்மாவுக்கு. நாலு தபா அவுந்துகினு வுழுந்துச்சு. எம் பெரிய பொண்ணு எட்டு வயசுல கட்டுவா.”

“அஞ்சாவது தடவ நின்னுச்சில்ல? அதச் சொல்லு” என்றாள் மதுரவேணி. இரண்டு பேரும் சிரித்தார்கள். பத்து நாளாக அஞ்சலை பின்னாலேயே திரிந்து, அவள் நடக்கிற மாதிரி நடந்து, அவள் ஊற்றுகிற கூழையே குடித்திருக்கிறாள். அந்தப் பையன்களிடம் ஒரு பைசா வாங்காமல் நடிக்கிறாள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

போகும்போது பூஜை அலமாரியைப் பார்த்தாள். அதில் தன் படம் பூவும் குங்குமமுமாக இருப்பதைப் பார்த்தாள்.

“இதை எடுத்துடுங்கம்மா. எனக்குப் பயமா இருக்கு.”

நான் தலையை ஆட்டினேன். ஆனால் எடுக்கவில்லை. மனுஷி வேஷத்தில் வருகிற அம்மன், தான் அம்மன் என்று யாரிடம்தான் ஒத்துக்கொள்வாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அஞ்சலை

அஞ்சலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுரங்கத்துக்கு நிலம் போன ஒரு கிராமத்திலிருந்து வந்தவள். அவர்களுக்கு நிலம் இல்லை, பிறர் நிலத்தில் நடவு நட்டுப் பிழைத்தவர்கள். நிலம் போனதும் நடவும் போனது. அவள் புருஷன் ஏழுமலை ஒரு காண்ட்ராக்டர் கையில் மண் வெட்டப் போனான். நல்ல கறுப்பு, முன்பல் இரண்டும் கொஞ்சம் வெளியே இருக்கும், அதனால் எப்போதும் சிரிக்கிற மாதிரியே இருப்பான். பலாப்பழக் காலத்தில் எங்கள் மரத்தில் ஏறி இறக்கிக் கொடுத்திருக்கிறான்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்து கிடையாது. ஆளுக்கு ஒரு நம்பர் போட்ட பித்தளைத் தகடு. கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார்கள். காலையில் வரிசையாக நின்று தகட்டைக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். அதுதான் அவர்களுக்கு ஊர், பேர் எல்லாம்.

சினிமாக்காரர்கள் போன பிறகு அந்த ஐப்பசியில் நல்ல மழை. மண்மேடு சரிந்து ஏழுமலை உள்ளே போய்விட்டான். மறுநாள்தான் எடுத்தார்கள். எடுக்கும்போது கழுத்தில் தகடு இல்லை.

காண்ட்ராக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவன் எங்கள் ஆளே இல்லை, மாடு மேய்த்துக்கொண்டு போனவன் என்றார்.

“மாடா?” என்று அஞ்சலை என் சமையலறை வாசலில் உட்கார்ந்து கேட்டாள். “எங்களுக்கு ஆட்டுக்குட்டி கூட கெடையாதேக்கா. மாடு எங்க இருந்து வந்துச்சு?”

அவளுக்கு வேண்டியது இரண்டு. அவன் வேலையில்தான் செத்தான் என்று யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் அவளுக்கு ஒரு வேலை கிடைக்கும், பிள்ளைகள் பட்டினி இல்லாமல் இருக்கும். அதற்குச் சாட்சி வேண்டும். கூட வேலை செய்த ஆட்கள் காண்ட்ராக்டருக்குப் பயந்து வாயே திறக்கவில்லை.

என் வீட்டுக்காரரிடமும் வந்து கேட்டாள். இவர் ஏழுமலையைத் தினம் பார்த்தவர். அன்றைக்கு இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

“நான் எதுக்கும் யோசிச்சுச் சொல்லுதேன்மா” என்றார். அவள் போன பிறகு என்னிடம், “ஏட்டி, ரெண்டு பொட்டப் பிள்ளைய வச்சிருக்கோம். அந்தக் காண்ட்ராக்டர் ஆளுவள உனக்குத் தெரியாது” என்றார். அவர் யோசித்துச் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சாட்சி சொல்லப் போய்விடுவாரோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

பயப்படாத சாட்சி ஒன்றுதான் இருந்தது. அது அந்தப் படம்.

படம் எடுத்தபோது நிஜமான கூலி ஆட்கள் தகடு காட்டி உள்ளே போகிற வரிசையை அப்படியே எடுத்திருக்கிறார்கள். அதில் ஏழுமலை இருக்கிறான், கழுத்தில் தகட்டோடு. ‘கேமராவைப் பார்க்காதே’ என்று எத்தனை தடவை சொல்லியும் பார்த்துச் சிரித்துவிட்டானாம். அஞ்சலை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் மதுரவேணியே, படம் முடிந்தவுடன் முதலில் நெய்வேலியில் காட்ட வேண்டும் என்று அந்தப் பையன்களிடம் சொல்லியிருக்கிறாள். கூலி ஆட்கள் விவகாரம் பார்க்கிற அதிகாரி ஒருவர் நல்ல மாதிரி. கிளப்பில் படம் போட்டால் தானே வந்து பார்ப்பதாகவும், கண்ணால் பார்த்தால் எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னார்.

இவ்வளவும் அஞ்சலை என்னிடம் சொன்னாள். ‘அந்தம்மா என்னாட்டமே நடிக்கிதுக்கா’ என்றும் சொன்னாள். அம்மன் கூலிக்காரியாக வருவது எங்களுக்குப் புதிதா? அம்மனே உனக்குச் சாட்சி சொல்ல வருகிறாள் என்று அவளிடம் சொன்னேன். அவள் கீரைக் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

கிளப்காரர்கள், ஆள் வராது, ஹால் காலியாக இருக்கும், எதற்குப் போடுவது என்று இழுத்தார்கள். ஆள் சேர்ப்பது என் பொறுப்பு என்றேன். மூன்று பிளாக் வீடு வீடாகப் போய், அம்மன் படம், நம் ஊரில் எடுத்தது, விரதம் இருந்து வாருங்கள் என்று சொன்னேன். படத்தின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மதுரவேணி படம், அது போதும்.

எப்போது மாறுவாள்?

ஆடிப்பெருக்குக்குத் தாலிக் கயிறு மாற்றி மூன்று நாள்கூட ஆகியிருக்காது. கழுத்தில் புதுக் கயிற்றின் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. இவருக்கு அன்று மதிய ஷிப்ட். நாங்கள் ஹாலில் உட்கார்ந்திருக்கிற நேரம் இவர் சுரங்கத்துக்குள்ளே இருந்தார்.

முன்னால் நாற்காலியில் அந்த அதிகாரியும் இன்னும் சிலரும். அஞ்சலை திரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பிள்ளைகளைக் கூட்டி வரவில்லை.

படம் கறுப்பு வெள்ளை. பாட்டு இல்லை. மதுரவேணி முகத்தில் பவுடர் கூட இல்லை. கூடை சுமக்கிறாள், சுமக்கிறாள், சுமந்துகொண்டே இருக்கிறாள். புருஷனுக்கு வேலை பெர்மனன்ட் ஆக வேண்டும் என்று தீச்சட்டி எடுக்கிறாள். அப்போது மட்டும் ஹால் முழுக்கக் கற்பூரம் எரிந்தது. ஆபரேட்டர் புகை தாங்காமல் இருமினார்.

ருக்மணி அக்கா என் காதில் கேட்டார். “எப்பக் கண்ணு அம்மனா மாறுவா?”

“கொஞ்சம் பொறுங்க. கடைசியிலதான்.”

“இதென்னமோ ஒரே இழுவையா இருக்குதுங்க.”

நானும் பொறுத்தேன். அவள் கூலிக்காரியாகவே இருந்தாள். திரையில் மழை பெய்தது. யாரோ ஓடி வந்து ஏதோ சொன்னார்கள், என்னவென்று கேட்கவில்லை, மழைச் சத்தம். மதுரவேணி அழவில்லை. தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை அவிழ்த்து, மெதுவாக மடித்து, கூடைக்குள் வைத்தாள். அம்மன் படத்தில் அவள் கண்ணை விரித்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை.

அடுத்து நாலு பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துத் தரையில் வைத்தாள். வளையல் உடைகிற சத்தம். ஹாலில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. பிறகு ஒரு கை அவள் கழுத்துக்குப் போனது.

ஆடி வெள்ளி. விரதம். புதுத் தாலிக் கயிறு. இவர் பூமிக்குள்ளே. என் அம்மன் தாலி அறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நான் எழுந்துவிட்டேன். “நிறுத்துங்க! நிறுத்துங்க! இதையா எங்களுக்குக் காட்டக் கூப்பிட்டீங்க?”

அது என் குரல்தான். கூப்பிட்டவளே நான் என்பது அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை. மாரியாத்தா மாரியாத்தா என்று ருக்மணி அக்கா அழ ஆரம்பித்தார். ஹாலே எழுந்தது. யாரோ எலுமிச்சம்பழத்தைத் திரையில் எறிந்தார்கள். மதுரவேணியின் முகத்தில் பட்டு விழுந்தது. கிளப்காரர் ஓடிவந்து மெஷினை நிறுத்தி விளக்கைப் போட்டார்.

அஞ்சலை கூட்டத்தை இடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா. இன்னும் செத்த நேரந்தான்க்கா. இதுக்கு அப்பாலதான் அவரு வர்றாரு. எல்லாரையும் குந்தச் சொல்லுக்கா. நீ சொன்னா கேப்பாங்க.”

நான் சொன்னால் கேட்டிருப்பார்கள். வளையல் இல்லாத அவள் கை என் மேல் படுகிறதே, வெள்ளிக்கிழமையாயிற்றே என்றுதான் என் புத்தி போனது. கையை உதறினேன்.

வெளியே ஒரே தள்ளுமுள்ளு. செருப்புக் குவியல் கலைந்து, எது யாருடையது என்று தெரியாமல் பெண்கள் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் சாயம்போன பருத்திச் சேலையில் ஒரு பெண் நின்றிருந்தாள். “கொஞ்சம் நவுருங்கம்மா” என்று அவளை ஒருத்தி தள்ளிவிட்டுக் குனிந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். மதுரவேணி. பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில், படப் பெட்டியோடு வந்திருக்கிறாள். கிரீடம் இல்லாததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது என்று அவளுக்கும் தெரிந்தது.

“உங்க வீட்ல தண்ணி குடிச்சிருக்கேன், இல்லம்மா?” என்றாள். அவ்வளவுதான். அதிகாரியின் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் ஓடினாள். ஜீப் போய்விட்டது. திரும்பி வந்து ஹாலுக்குள் போனாள்.

என் செருப்பு கிடைத்தபோது கதவு வழியாகப் பார்த்தேன். காலி ஹால். வெறும் வெள்ளைத் திரை. அதன் முன்னால் தரையில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், முதுகு மட்டும் தெரிந்தது. எது அஞ்சலை, எது மதுரவேணி என்று சட்டென்று சொல்ல முடியவில்லை.

நாலு படம்

கலவரம் வந்துவிடும் என்று கிளப்காரர்கள் மறுபடி போட மறுத்துவிட்டார்கள். மறுநாள் பெட்டி வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அந்த அதிகாரிக்கு ஆவணி முடிவதற்குள் மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர், மாடு மேய்க்கிறவன் கேஸ்தானே என்று கேட்டாராம்.

அஞ்சலை அதற்குப் பிறகும் கீரை கொண்டுவந்தாள். கொஞ்ச நாள் கழித்துச் செங்கல் சூளைக்குப் போனாள். அவளுடைய பெரியவனும் பள்ளிக்கூடத்தை விட்டு அங்கேயே போனான். அன்றைய பேச்சை அவள் எடுக்கவே இல்லை. எடுத்து ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மதுரவேணி அந்த மாதிரி நாலு படம் நடித்தாள் என்று பிறகு ஒரு பத்திரிகைத் துணுக்கில் படித்தேன். உப்பளத்தில் வேலை செய்கிற கிழவியாக ஒன்று. பள்ளிக்கூட ஆயாவாக ஒன்று. மகனைத் தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிற தாயாக ஒன்று. அப்புறம் எங்கள் ஊர்ப் படம். ஒன்றும் தியேட்டருக்கு ஒழுங்காக வரவில்லை. வளையல் உடைத்தவளை அம்மனாகப் போட்டால் ஜனங்கள் ஒப்பமாட்டார்கள் என்று அம்மன் படக்காரர்களும் விட்டுவிட்டார்கள். கிரீடம் வேறு தலைக்குப் போனது. இவளுக்கு யாரோ ஒரு வீட்டுச் சமையல்காரி வேஷம், அதுவும் எப்போதாவது.

எண்பதுகளின் நடுவில், ஐம்பது வயதுகூட ஆகாமல், செத்துப்போனாள். பேப்பரில் ஒரு மூலையில் கிரீடம் வைத்த படத்தைப் போட்டு, ‘பக்திப் பட நாயகி காலமானார்’ என்று நாலு வரி. அந்த நாலு படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றைக்குத்தான் அலமாரியிலிருந்து காலண்டர் படத்தை எடுத்தேன். எடுத்துடுங்கம்மா என்று அவள் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கண்ணாடியைத் துடைத்து, குங்குமத்தைச் சுரண்டிவிட்டு, பீரோவில் துணிகளுக்கு நடுவில் வைத்தேன். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று எனக்கே தெளிவாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம்

அப்போது எங்கள் வீட்டில் டி.வி. வந்துவிட்டது. ஞாயிறு மதியம் ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு பாஷைப் படம் போடுவார்கள். தமிழுக்கு முறை வந்த வாரம் மதுரவேணி படம், நெய்வேலியில் எடுத்தது என்று அறிவித்தார்கள். அவள் இறந்ததற்காகப் போடுகிறார்களாம்.

நான் அஞ்சலையைக் கூப்பிட ஆள் விடவில்லை. நானே நடந்து போனேன். அவள் குடிசையிலிருந்து பார்த்தால் எங்கள் பவர் ஹவுஸ் புகைபோக்கி தெரியும். அவள் வீட்டில் கரண்ட் கிடையாது. சூளைப் புழுதியில் அவள் தலை வயதுக்கு முன்னாலேயே நரைத்திருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவள் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து சேலை எடுத்து மாற்றிக்கொண்டு வந்தாள்.

“போட்டா ஒண்ணுகூட இல்லக்கா அவருது. சின்னவளுக்கு அப்பன் மூஞ்சி எப்பிடின்னே தெரியாது” என்றாள் வழியில்.

“அவளையும் கூட்டி வரலாமே?”

“சூளைக்குப் போயிருக்குது.”

வாசலுக்கு வந்ததும் காலில் செருப்பில்லாத அவள், பழக்கத்தில் காலைக் கால்மிதியில் தேய்த்துவிட்டு உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் அறை வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

படத்தின் பெயர் ‘வரிசை’. அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அதே கூடை, அதே தீச்சட்டி, அதே மழை. சும்மாட்டை மடித்து வைக்கிற இடம் வந்தது. அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் அதை நிஜத்தில் பட்டவள். அவள் முன்னால் அதை ஓடவிடுவதா? நான் எழுந்து டி.வி. பக்கம் போனேன்.

“கொஞ்ச நேரம் அமத்தி வைக்கிறேன் அஞ்சலை. இது தாண்டினதும் போடுறேன்.”

அவள் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கண் திரையை விட்டு நகரவில்லை.

“வுடுக்கா. இந்த தபாவாச்சும் முழுசா ஓடட்டும்.”

நான் உட்கார்ந்தேன். வளையல் உடைந்தது. தாலி இறங்கியது. அஞ்சலை கண்ணைச் சிமிட்டவில்லை.

பிறகு அந்தக் கடைசிக் காட்சி. பனி விடியல். தகடு காட்டி ஆட்கள் வரிசையாக உள்ளே போகிறார்கள். மதுரவேணி ஓரமாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். தன் புருஷன் இல்லை என்று தெரிந்தும் பார்க்கிறாள். ஒருவன், இன்னொருவன், இன்னொருவன். அடுத்து ஏழுமலை வந்தான். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் தகடு. அதிலிருந்த நம்பர்கூடத் தெரிந்தது. கேமராவைப் பார்த்தான். முன்பல் தெரியச் சிரித்தான். உள்ளே போனான்.

மூன்று நொடி இருக்கும்.

அறை வாசலில் என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தினார். “அவன்தான்” என்றார். “அவன்தாம்மா. நான் தெனம் பாத்திருக்கேன்.”

யாருக்கும் பிரயோஜனமில்லாத அந்தச் சாட்சியை அஞ்சலை திரும்பிப் பார்க்கவில்லை. வரிசை இன்னும் போய்க்கொண்டிருந்தது. அவளும் மதுரவேணியைப் போலவே அடுத்து வந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.